நிலக்கரி, பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கினால் கட்டுப்படியாகுமா? குமரி மாவட்டத் தொழில்களுக்கான கேள்வி பதில்

செங்கல் சூளை, அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை), ரப்பர் யூனிட், பேக்கரி என்று வெப்பம் தேவைப்படும் தொழில் நடத்துகிறவர்களுக்காக எழுதப்பட்டது இது. பெரிய ஆலைகளின் பொருளாதாரமும் இடையில் வரும், ஏனென்றால் சிறிய ஆலையை முடக்கும் காரணங்கள் பெரிய ஆலைகளிலும் அப்படியே இருக்கின்றன. கணக்குகளில் உள்ள எரிபொருள் விலை, லாரி வாடகை, கூலி எல்லாம் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் பில்லில் உள்ள தொகையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

நிலக்கரியை வாயுவாக்குவது என்றால் என்ன செய்கிறார்கள்?

முழுதாக எரியவிடாமல், தேவைக்குக் குறைவான காற்றும் கொஞ்சம் நீராவியும் கொடுத்து, 900 டிகிரிக்கு மேல் நிலக்கரியைக் கனலவைக்கிறார்கள். சாம்பலும் சூடும் மட்டும் மிஞ்சுவதற்குப் பதிலாக கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வாயுவாக வெளியே வருகின்றன. காற்றை ஊதினால் கிடைப்பது புரடியூசர் கேஸ். பாதிக்கு மேல் நைட்ரஜன் என்பதால் கன மீட்டருக்கு 1,100 முதல் 1,300 கிலோ கலோரிதான் தேறும். காற்றுக்குப் பதில் ஆக்சிஜன் கொடுத்தால் அதுவே சின்கேஸ், சுமார் 2,500 கிலோ கலோரி. சின்கேஸிலிருந்து மெத்தனால், யூரியா, ஹைட்ரஜன், இயற்கை எரிவாயுவுக்கு இணையான செயற்கை வாயு, டீசல் வரை செய்யலாம்.

ஒவ்வொரு படியிலும் வெப்பம் கழியும். வாயுவாக்கும்போதே 20 முதல் 25 சதவீதம் போய்விடும். மெத்தனால் வரை கொண்டுபோனால் உள்ளே போட்ட கலோரியில் பாதியை ஒட்டித்தான் கையில் நிற்கும். ஆக்சிஜனும் சும்மா வராது. காற்றிலிருந்து ஒரு டன் ஆக்சிஜனைப் பிரிக்க நூற்றுக்கணக்கான யூனிட் மின்சாரம் வேண்டும்.

இது உண்மையிலேயே சுத்தமா?

புகை, கந்தகம், தூசி விஷயத்தில் ஆம். வாயுவை எரிக்கும் முன்பே கழுவி எடுத்துவிடலாம், அடுப்பில் நீல நெருப்பு நிற்கும். கரியமில வாயு விஷயத்தில் இல்லை. நிலக்கரியில் உள்ள கார்பன் எங்கும் மறைவதில்லை. ஒரு டன் நெய்வேலி பழுப்பு நிலக்கரியை நேராக எரித்தாலும், வாயுவாக்கி எரித்தாலும் கடைசியில் சுமார் ஒரு டன் கரியமில வாயு வெளியேறும். ஒரே அளவு வெப்பத்துக்கு இயற்கை எரிவாயு வெளியிடுவதைப்போல் பழுப்பு நிலக்கரி ஏறக்குறைய 1.8 மடங்கு வெளியிடுகிறது. நிலக்கரியிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் கூடவே 18 முதல் 20 கிலோ கரியமில வாயு வரும். அதைப் பிடித்துப் பூமிக்குள் செலுத்தினால்தான் சுத்தம் என்று சொல்ல முடியும், அதற்கான செலவு தனி. விற்க வருகிறவர் புகை இல்லாத அடுப்பைக் காட்டி இரண்டுக்கும் சேர்த்துச் சான்று கொடுத்தால் நம்ப வேண்டாம்.

நெய்வேலி நம் மாநிலத்தில்தானே இருக்கிறது? அங்கிருந்து பழுப்பு நிலக்கரி வரவழைத்தால் மலிவு இல்லையா?

சுரங்க வாசலில் மலிவு, நாகர்கோவிலில் இல்லை. இந்தியாவின் பழுப்பு நிலக்கரி இருப்பில் பெரும்பகுதி தமிழ்நாட்டில்தான் உள்ளது. ஆனால் நெய்வேலிக் கரியில் ஏறக்குறைய பாதி தண்ணீர். கிலோவுக்கு 2,600 கிலோ கலோரி என்பது மொத்த மதிப்பு. உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக்கப் போவதைக் கழித்தால் 2,250 சொச்சம்தான் பயன்படும்.

சுரங்க வாசலில் டன் 3,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 540, நாகர்கோவில் வரை சுமார் 500 கி.மீ.க்கு டன் ஒன்றுக்கு கி.மீ. 3 ரூபாய் வீதம் லாரி வாடகை 1,500 என்று வையுங்கள். மொத்தம் 5,040. ஒரு லட்சம் கிலோ கலோரிக்கு 44 கிலோவுக்கு மேல் வேண்டும், அதாவது 224 ரூபாய். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும், கிலோவுக்கு 5,000 கிலோ கலோரி தரும் இறக்குமதி நிலக்கரி, எல்லாம் சேர்த்து டன் 9,000 ரூபாய்க்கு முற்றத்தில் இறங்கினால் அதே வெப்பம் 180 ரூபாய்க்குக் கிடைக்கும். நெய்வேலிக் கரிக்குக் கொடுத்த லாரி வாடகையில் பாதி தண்ணீரைச் சுமந்ததற்குப் போகிறது.

அங்கேயே உலர்த்திக் கொண்டுவந்தால்?

50 சதவீத ஈரத்தை 12க்குக் கொண்டுவந்தால் ஒரு டன் கரி 570 கிலோவாகச் சுருங்கும். 430 கிலோ தண்ணீரை ஆவியாக்க, நடைமுறையில் அந்தக் கரியின் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கு செலவாகும். அது தாங்கக்கூடியதுதான். அதன் பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. உலர்ந்த பழுப்பு நிலக்கரி உதிர்ந்து தூளாகும், காற்றிலுள்ள ஈரத்தைத் திரும்பவும் இழுக்கும், குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். அதனால்தான் நெய்வேலியில் ஒரு காலத்தில் அதைக் கரியாக்கி, கட்டிகளாக அழுத்தி ‘லெக்கோ’ என்று வீட்டு அடுப்புக்கு விற்றார்கள். சமையல் எரிவாயு பரவியதும் அதற்கான சந்தை போய்விட்டது.

குமரியில் இரண்டு பருவமழையும் கொட்டும். எந்த நிலக்கரியானாலும் கூரை போட்ட, சிமெண்ட் தரையுள்ள கொட்டகை வேண்டும். குவியல் உயரம் 2 மீட்டரைத் தாண்டக்கூடாது. பழைய சரக்கு முதலில் போகவேண்டும். குவியலுக்குள் இரும்புக் குழாய் சொருகி வாரம் இருமுறை வெப்பநிலை பாருங்கள். 60 டிகிரியைத் தொட்டால் குவியலைப் பிரித்துப் பரப்புங்கள். அதன் மேல் தண்ணீர் ஊற்றி அணைக்கப் பார்ப்பது நிலைமையை மோசமாக்கும்.

எரிபொருள்களை எப்படி ஒப்பிடுவது?

டன் விலையை விட்டுவிடுங்கள். ஒரு லட்சம் கிலோ கலோரிக்கு எத்தனை ரூபாய் என்று பாருங்கள். காய்ந்த விறகு கிலோ 5 ரூபாய், 3,200 கிலோ கலோரி என்றால் 156 ரூபாய். மேலே சொன்ன இறக்குமதி நிலக்கரி 180. அதே நிலக்கரியை வாயுவாக்கினால் 75 சதவீதத் திறனில் 240. வணிகச் சிலிண்டர் 19 கிலோ 1,800 ரூபாய் என்றால் சுமார் 870. மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்றால் 930. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றால் 1,000 ரூபாயைத் தாண்டும்.

முடிவு இந்த வரிசையிலேயே இருக்கிறது. விறகோ முந்திரித் தோடோ எரிக்கிறவருக்கு நிலக்கரி வாயுவால் நஷ்டம்தான். எரிவாயுவோ டீசலோ எரிக்கிறவருக்கு மட்டும் மேற்கொண்டு பார்க்க இடமிருக்கிறது.

நாளுக்குப் பத்து சிலிண்டர் எரிக்கும் யூனிட். நிலக்கரியை வாயுவாக்கும் உலை (வாயுவாக்கி) வைத்தால் எவ்வளவு மிச்சம்?

பத்து சிலிண்டர் என்றால் சுமார் 20.7 லட்சம் கிலோ கலோரி, 18,000 ரூபாய். அதே வெப்பத்துக்கு 75 சதவீதத் திறனில் 552 கிலோ நிலக்கரி வேண்டும், கிலோ 9 ரூபாய் வீதம் 4,970. மிச்சம் 13,000 என்று விற்பனைக்காரர் இங்கே நிறுத்திவிடுவார். நீங்கள் தொடருங்கள். மூன்று ஷிப்டுக்கு இருவர் வீதம் ஆறு பேர் கூலி, ஆளுக்கு 700 என்றால் 4,200. ஊதுவிசிறி, பம்ப் எல்லாம் 5 கிலோவாட், 24 மணி நேரத்துக்கு 960. தார் நீர் (வாயுவைக் கழுவும்போது வரும் தார் கலந்த தண்ணீர்) சுத்திகரிப்பு, சாம்பல் அள்ளுதல், பராமரிப்பு 2,500. கையில் நிற்பது 5,400 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஐந்தாறு சிலிண்டருக்குக் கீழே எரிக்கும் யூனிட்டில் மிச்சமே இருக்காது, ஏனென்றால் சிலிண்டர் குறைவதால் கூலி குறையாது.

பர்னரும் குழாயும் பழையதே போதும் என்று எண்ணவேண்டாம். வாயு நீர்த்தது, அதே வெப்பத்துக்குப் பல மடங்கு கன அளவு ஓடவேண்டும். நெருப்பின் உச்ச வெப்பமும் குறைவு. 200 டிகிரி வெப்பக்காற்றுக்கு அது போதும், உலோகம் உருக்குவதற்கு இழுபறிதான். பகலில் மட்டும் ஓடும் யூனிட்டுக்கு இன்னொரு நஷ்டம் உண்டு. இரவு முழுக்கக் கனலைக் காத்துவைக்க நிலக்கரி எரியும், காலையில் வாயு சீராக வர நேரம் பிடிக்கும்.

வாயுவாக்கியில் வழக்கமாகக் கெட்டுப்போவது எது?

பெரும்பாலும் கோளாறு நிலக்கரியில் தொடங்கும். துண்டு 20 முதல் 40 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். தூள் அதிகமானால் படுகையில் காற்று ஓரிடத்தில் மட்டும் துளைத்துக்கொண்டு போகும், அங்கே ஆக்சிஜன் எரியாமலே மேலே வரும், வாயு கலோரி சரிந்துவிடும். சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டும் வகை நிலக்கரி உதவாது. சாம்பல் உருகும் வெப்பநிலை 1,200 டிகிரிக்கு மேல் இருக்கிறதா என்று ஆய்வறிக்கையில் பாருங்கள். குறைவாக இருந்தால் சாம்பல் உருகிக் கட்டி பிடித்து, சாம்பல் விழும் அடித்தட்டை அடைக்கும்.

கட்டி பிடிப்பதைத் தடுப்பது நீராவி. ஊதும் காற்றை நீராவியோடு கலந்து 50 முதல் 60 டிகிரியில் வைப்பார்கள். அது 45க்கு இறங்கினால் கட்டி வரும், 65க்கு ஏறினால் கனல் குளிர்ந்து வாயு மெலியும். இந்த ஒரு தெர்மாமீட்டர் பழுதாகி, யாரும் கவனிக்காமல் இருப்பதுதான் பல நிறுத்தங்களுக்கு மூலம்.

அடுத்தது தார். வாயு குளிரும் இடமெல்லாம் படியும். வளைவுகளில் குழாய் சுருங்கும், பர்னர் துளை அடையும். அதற்காகவே குழாயில் முழங்கை வளைவுக்குப் பதில் திறந்து கழுவக்கூடிய டி இணைப்பு வைக்கிறார்கள். அடுப்பு பக்கத்திலேயே இருந்தால் வாயுவைக் குளிரவிடாமல் சூடாகவே கொண்டுபோய் எரிப்பது நல்லது. தார் நீரும் குறையும், திறனும் கொஞ்சம் கூடும்.

உயிர் போகும் இடம் கார்பன் மோனாக்சைடு. புரடியூசர் கேஸில் அது 20 முதல் 30 சதவீதம் இருக்கும். சுவாசிக்கும் காற்றில் 0.12 சதவீதமே உயிருக்கு உடனடி ஆபத்து, அதற்கு வாசனையும் கிடையாது. எச்சரிக்கைக் கருவி இல்லாத கொட்டகையில் வேலை வேண்டாம். தொடங்கும்போது, வாயு கசியாமல் தண்ணீரால் அடைக்கும் நீர்ப்பூட்டில் மட்டம் சரியா என்று பார்த்து, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, வாயுவை முதலில் வெளிச்சுடரில் எரித்து, நெருப்பு சில நிமிடம் சீராக நின்ற பிறகே பர்னருக்குத் திருப்பவேண்டும். காற்றும் வாயுவும் கலந்த குழாயில் பொறி பட்டால் வெடிக்கும்.

அண்டி ஆபீஸில் தோடு சும்மா கிடக்கிறதே, அதை வாயுவாக்கலாமா?

எண்ணெய் எடுக்காத தோட்டைப் போடாதீர்கள். தோட்டெண்ணெய் ஆவியாகி வாயுவோடு வந்து, நிலக்கரித் தாரை விட மோசமாகக் குழாயில் ஒட்டும். எண்ணெய் பிழிந்த புண்ணாக்கை விறகுத் துண்டோடு கலந்து போடலாம். பாய்லரில் தோடே எரியும் இடத்தில் நிலக்கரி வாயுவுக்கு வேலை இல்லை.

மோர்பியில் நிலக்கரி வாயுவை ஏன் நிறுத்தினார்கள்?

குஜராத்தின் மோர்பி டைல்ஸ் நாகர்கோவில் கடைகளிலும் விற்கிறது. அங்கே நூற்றுக்கணக்கான ஆலைகள் இயற்கை எரிவாயுவை விட மலிவு என்று நிலக்கரி வாயுவாக்கி வைத்திருந்தன. பீனால் கலந்த தார் நீரைக் கண்ட இடத்தில் கொட்டியதால் நிலமும் நீரும் கெட்டன. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவற்றை மூட உத்தரவிட்டது. மலிவாகத் தெரிந்ததில் ஒரு பங்கு, கழிவுநீருக்குச் செலவே செய்யாததால் வந்த மலிவு. குளமும் கால்வாயும் இவ்வளவு நெருக்கமாக உள்ள குமரியில் அதே வேலையைச் செய்தால் ஒரு மழைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் நிறுவும் இசைவும் இயக்கும் இசைவும் வாங்கும்போது, தார் நீரை எங்கே, எப்படி அழிக்கப்போகிறீர்கள் என்பதற்கு எழுத்தில் பதில் தயாராக இருக்கட்டும்.

செங்கல் சூளைக்கு?

வேண்டாம். சூளையில் எரிபொருளைச் செங்கலுக்கு நடுவிலேயே போட்டு எரிப்பதால் வாயுவாக்கும் இழப்பு வீண். 2022 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு விதி, சூளைகளை ஜிக்ஜாக் (சூடான காற்று வளைந்து வளைந்து போகும்படி செங்கல் அடுக்கும்) முறைக்கோ செங்குத்து முறைக்கோ மாற்றச் சொல்கிறது. பெட்கோக் (எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி), டயர், பிளாஸ்டிக் எரிக்கத் தடையும் உண்டு. பழைய நிலைப்புகைபோக்கிச் சூளையை ஜிக்ஜாக் அடுக்குக்கு மாற்றினால் எரிபொருள் சுமார் 20 சதவீதம் மிச்சம். அடுக்குகிறவருக்குப் பயிற்சியும் கொஞ்சம் கொத்து வேலையும் போதும்.

மத்திய அரசின் 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை சிறு தொழிலுக்குக் கிடைக்குமா?

2024 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் அது. பொதுத்துறைக்கு 4,050 கோடி, தனியாரும் பொதுத்துறையும் போட்டியிட 3,850 கோடி, முன்மாதிரி மற்றும் சிறிய ஆலைகளுக்கு 600 கோடி. அந்தச் சிறிய ஆலைக்கே குறைந்தது 100 கோடி முதலீடு, மணிக்கு 1,500 கன மீட்டர் சின்கேஸ் என்று நிபந்தனை. நாளுக்கு ஏறக்குறைய 30 டன் நிலக்கரி தின்னும் ஆலை அது. கிடைப்பது முதலீட்டில் 15 சதவீதம் அல்லது 100 கோடி, எது குறைவோ அது. பத்து சிலிண்டர் யூனிட்டுக்கு இதில் இடமில்லை.

பெரிய ஆலைகளாவது லாபம் பார்த்தனவா?

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் 1984 முதல் ஓடும் கிரேட் பிளெய்ன்ஸ் ஆலை இதற்குச் சரியான பாடம். பழுப்பு நிலக்கரியிலிருந்து குழாய் எரிவாயு செய்கிறது. கட்ட 200 கோடி டாலருக்கு மேல் ஆனது. எரிவாயு விலை சரிந்ததும் 1985இல் முதலாளிகள் கடனைக் கட்டாமல் விலகினார்கள். அரசு எடுத்து, 1988இல் ஒரு மின் கூட்டுறவு அமைப்புக்கு வெறும் 8.5 கோடி டாலருக்கு விற்றது. முதலீட்டுச் சுமை இறங்கிய பிறகுதான் கணக்கு நின்றது. அப்போதும் எரிவாயு மட்டும் காப்பாற்றவில்லை. அம்மோனியா, பீனால் போன்ற துணைப்பொருள்களும், 2000 முதல் கனடாவின் வேபர்ன் எண்ணெய் வயலுக்குக் குழாயில் விற்கும் கரியமில வாயுவும் சேர்ந்து தூக்கி நிறுத்தின. வாங்க ஆள் இருந்ததால் கரியமில வாயுவும் அங்கே சரக்கானது.

மிசிசிப்பியின் கெம்பர் ஆலை எதிர்முனை. 300 கோடி டாலருக்குள் முடியும் என்று தொடங்கி 750 கோடியைத் தொட்டது. 2017இல் பழுப்பு நிலக்கரியைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவில் ஓடத் தொடங்கியது, வாயுவாக்கும் பகுதியை 2021இல் இடித்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் சாசோல் நிலக்கரியிலிருந்து பெட்ரோல், டீசல் செய்து நிலைத்தது. சொந்தச் சுரங்கமும், வெளியிலிருந்து எண்ணெய் வாங்க முடியாத அரசியல் நெருக்கடியும் அதற்குப் பின்னால் இருந்தன.

நம் நாட்டில்?

நெய்வேலியில் 1960களிலேயே பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா செய்தார்கள், பிறகு அந்த ஆலை உலை எண்ணெய்க்கு மாறி, கடைசியில் மூடப்பட்டது. ஒடிசாவின் தால்ச்சர், அன்றைய ஆந்திரத்தின் ராமகுண்டம் நிலக்கரி உர ஆலைகள் 1980இல் உற்பத்தி தொடங்கி 1999இல் மூடப்பட்டன. சாம்பல் மிகுந்த நிலக்கரி, அடிக்கடி மின்தடை, இயந்திரக் கோளாறு என்று தொடர்ந்து நின்றுநின்று ஓடியதுதான் அவற்றைத் தின்றது. இவ்வளவு முதலீட்டில் ஆலை ஆண்டுக்கு 300 நாளுக்கு மேல் ஓடாவிட்டால் வட்டியே கட்ட முடியாது. தால்ச்சரில் இப்போது புதிய ஆலை கட்டுகிறார்கள். ஆண்டுக்கு 12.7 லட்சம் டன் யூரியா இலக்கு. சாம்பலைச் சமாளிக்க நிலக்கரியோடு பெட்கோக் கலக்கப்போகிறார்கள். நெய்வேலியில் நாளுக்கு 1,200 டன் மெத்தனால் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இந்த மாதிரி ஆலைக்குச் சுரங்க வாசல்தான் இடம், துறைமுகமோ குமரியோ அல்ல.

டெல்டாவில் புதுச் சுரங்கம் வந்தால் விலை இறங்குமா?

அதை நம்பித் திட்டம் போடவேண்டாம். 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்குப் பகுதிகளை ஏலத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். தோண்டாமல் பூமிக்குள்ளேயே எரித்து வாயு எடுக்கும் முறையும் உண்டு. நிலத்தடி நீர் கெட்டதால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2016இல் அதைத் தடை செய்தது.

முப்பந்தலில் இத்தனை காற்றாலை சுற்றும்போது நிலக்கரி எதற்கு?

உலர்த்தும் வேலைக்கு இது நியாயமான கேள்வி. ரப்பர் ஷீட்டுக்கு 45 முதல் 60 டிகிரி, போர்மாவில் (உலர்த்தும் அறையில்) முந்திரிப் பருப்புக்கு 70 டிகிரியை ஒட்டி. இந்த வெப்பத்துக்கு ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும் என்று வைத்தால், லட்சம் கிலோ கலோரிக்கு 310 ரூபாய்தான் ஆகிறது. விறகு 156 ரூபாய் என்றாலும் பழைய புகைப்புரையில் 40 சதவீதம்தான் ஷீட்டுக்குப் போகும் என்றால் உண்மை விலை 390. ஷீட்டுக்குப் புகை தேவை என்பது தரம் சார்ந்த தனி விஷயம், ஆனால் பருப்புக்கு அது தேவையில்லை. 150 டிகிரிக்கு மேல் வேண்டும் என்றால் இந்தக் கணக்கு செல்லாது.

ஜி.எஸ்.டி. மாற்றத்தால் நிலக்கரி விலை ஏறியதா, இறங்கியதா?

2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் 18 ஆனது, டன்னுக்கு 400 ரூபாய் இழப்பீட்டு வரி நீங்கியது. டன் சுமார் 3,080 ரூபாய்க்குக் கீழே உள்ள சரக்குக்கு வரி குறைந்தது, மேலே உள்ளதற்குக் கூடியது. உள்ளீட்டு வரி திரும்பப் பெறுகிறவருக்கு இந்தக் கூடுதல் சுமை இல்லை. பெற முடியாத திட்டத்தில் இருக்கிறவர் 18 சதவீதத்தையும் முழுச் செலவாகவே எழுதவேண்டும்.

‘5,000 கலோரி’ என்று சொல்லி இறக்கிய நிலக்கரி ஏன் அந்தச் சூடு தரவில்லை?

அந்த எண் எந்த அடிப்படையில் என்று கேட்டீர்களா? ஆய்வகத்தில் காற்றில் உலரவைத்துப் பார்ப்பது ஏ.டி.பி., லாரியில் வந்த ஈரத்தோடு பார்ப்பது ஏ.ஆர்.பி. மொத்த ஈரம் 30 சதவீதமும் ஆய்வக ஈரம் 15 சதவீதமும் இருந்தால், 5,000 ஏ.டி.பி. என்பது 5,000 பெருக்கல் 70 வகுத்தல் 85, அதாவது சுமார் 4,120 ஏ.ஆர்.பி. ஆர்டரில் ஏ.ஆர்.பி. என்று எழுதச் சொல்லுங்கள். குறைந்தால் எவ்வளவு கழிப்பது என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

மாதிரி எடுக்கும்போது லாரியின் மேல்பரப்பை விட்டு, ஓர் அடி ஆழத்திலிருந்து ஏழெட்டு இடங்களில் அள்ளுங்கள். பெரிய துண்டை உடைத்துக் கலந்து குவித்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் கலந்து பிரித்து, இரண்டு கிலோவுக்குக் குறையுங்கள். உடனே இரட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டவேண்டும், இல்லாவிட்டால் ஈரம் போய் அறிக்கை விற்றவருக்குச் சாதகமாக வரும். ஒரு பை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு, இன்னொன்று இருவரும் கையெழுத்திட்டு உங்கள் அலமாரிக்கு.